வீல் மாத்துறதுக்கு முன்னாடி பிரேக்: ஒரு சிம் ரேசிங் செட்டப் படிப்படியா மாறின விவரம்

பின்னணி

சிம் ரேசிங்னா நிஜ கார் ஓட்டுற மாதிரியே வீலும் பெடலும் வெச்சு கம்ப்யூட்டர்ல ரேஸ் ஓட்டுறது. அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஸ்டீயரிங் வீல். அண்ணன் வேலை முடிச்சு வந்து ராத்திரில ஆன்லைன் லீக்ல ஓட்டுறவரு, பெரும்பாலும் அசெட்டோ கோர்சாங்கிற ரேஸ் கேம்ல ஏபிஎஸ் (பிரேக்ல டயர் சுத்தாம நின்னுபோறத தடுக்கிற வசதி) இல்லாத ஃபார்முலா கார் தான். தம்பிக்கு ராலி கேம்னா உயிரு. ரெண்டு பேருக்கும் இருந்தது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு கியர் டிரைவ் வீல் (மோட்டார் பல்சக்கரம் வழியா திருப்புறது), அதோடவே வந்த மூணு பெடல். வீல படிக்கிற மேஜையில கிளாம்ப் போட்டு, பெடல தரையில சும்மா வெச்சு, உருளுற ஆபீஸ் சேர்ல உக்காந்து ஓட்டிட்டு இருந்தாங்க.

அண்ணனோட பிரச்சனை என்னன்னா வேகம் இருக்கு ஆனா நிலையா இல்ல. ஒரு லேப் நல்லா வரும், அடுத்த லேப்லயே மோன்சா டிராக்கோட முதல் சிக்கேன்ல (அடுத்தடுத்து வர்ற குறுகலான வளைவு) முன் டயர் லாக் ஆகி, அதாவது சுத்தாம நின்னு, நேரா வெளிய போயிடுவாரு. நேர் ரோட்டுல முழு வேகத்துல வந்து ரொம்ப சின்ன தூரத்துல காரை அடக்கணும்ங்கிறதால அந்த இடத்துல பிரேக்ல உள்ள குறை எதையும் மறைக்கவே முடியாது. அவரு இதுக்கு காரணம் பழைய வீல் தான்னு முடிவு பண்ணிட்டு எங்கிட்ட கேட்டது ஒரே கேள்வி: "12 நியூட்டன் மீட்டர் டைரக்ட் டிரைவ் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேங்க, வாங்கிடலாமா?" டைரக்ட் டிரைவ்னா மோட்டார் தண்டுலயே நேரா மாட்டின வீல், நியூட்டன் மீட்டர்னா அது திருப்புற பலத்தோட அளவு.

வாங்குறதுக்கு முன்னாடி இப்ப இருக்கிறத ஒரு தடவ முழுசா பாத்துடலாம்னு சொன்னேன். அவரு ஒத்துக்கிட்டாரு.

முதல்ல பாத்தது

கேமை திறக்காமலே ஆரம்பிச்சோம். விண்டோஸ்ல ரன் பெட்டில ஜாய் டாட் சிபிஎல்னு டைப் பண்ணினா கேம் கன்ட்ரோலர் பட்டியல் வரும், அதுல வீலோட ப்ராப்பர்ட்டீஸ் போனா ஒவ்வொரு பெடலும் ஒரு பாரா தெரியும். இதுக்கு தனியா எந்த சாஃப்ட்வேரும் வேணாம், எந்த கேமோட செட்டிங்கும் நடுவுல வராது, அதனால பெடல் என்ன அனுப்புதோ அது அப்படியே கண்ணுக்கு தெரியும். பிரேக்க பாதி அழுத்தி கால அசைக்காம வெச்சிருக்க சொன்னேன். பார் ஒரு இடத்துல நிக்கல, நடுங்கிக்கிட்டே இருந்துச்சு, அப்பப்ப திடீர்னு மேல எகிறி கீழ வந்துச்சு.

அந்த மாதிரி பெடல்ல உள்ள இருக்கிறது பொட்டன்ஷியோமீட்டர். ஒரு கார்பன் பாதை மேல சின்ன தகடு ஒண்ணு உரசிக்கிட்டே நகரும், எங்க நிக்குதோ அதுக்கேத்த மாதிரி வோல்டேஜ் மாறும். உரசுற பொருள் தேயும், தூசி சேரும், சேர்ந்தா சிக்னல் எகிறும். கான்டாக்ட் கிளீனர் அடிச்சா கொஞ்ச காலம் சரியாகும், அப்புறம் திரும்ப வரும். வேற சில பெடல்ல இருக்கிற ஹால் சென்சார்ல காந்தப்புலத்த வெச்சு அளக்குறதால உரசல் கிடையாது, இந்த தேய்மானமும் வராது. ஆனா ரெண்டுமே அளக்குறது பெடல் எவ்வளவு தூரம் போச்சுங்கிறத மட்டும் தான்.

அடுத்தது சேர். அவர வழக்கம்போல ஓட்ட சொல்லிட்டு நான் திரைய பாக்கல, சேரோட சக்கரத்த தான் பாத்தேன். கடுமையா பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவயும் சேர் பின்னால உருளுது, பெடல் பலகை முன்னால நழுவுது. அதாவது கால் போடுற பலத்துல ஒரு பங்கு பெடலுக்கு போகாம சேர தள்ளுறதுக்கே செலவாகுது, அதுவும் ஒவ்வொரு தடவயும் ஒரே அளவுல இல்ல. இவரு காலுக்கு எங்க அழுத்தினா எவ்வளவு பிரேக்ங்கிறது எப்படி பழகும்?

மேஜையும் ஆடுச்சு. வீல வேகமா திருப்பினா மேஜையோட முன் பலகை தெளிவா வளைஞ்சு வந்துச்சு. இருந்த கியர் டிரைவ் வீலுக்கே இப்படின்னா 12 நியூட்டன் மீட்டர் போட்டா என்ன ஆகும்னு அப்பவே அவருக்கு கொஞ்சம் புரிய ஆரம்பிச்சுது.

கடைசியா செட்டிங். வீலோட டிரைவர் சாஃப்ட்வேர்ல பலம் முழுசா ஏத்தி, கேமுக்குள்ள கெயினும் (கேம் அனுப்புற பலத்தோட அளவு) முழுசா ஏத்தி வெச்சிருந்தாரு. அசெட்டோ கோர்சால பெடல் ஆப் ஒண்ணு இருக்கு, ஓட்டும்போதே கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர், ஃபோர்ஸ் ஃபீட்பேக் (மோட்டார் வீல் வழியா கைக்கு குடுக்குற பலம்) நாலும் பாரா வரும், ஃபீட்பேக் பார் உச்சிக்கு போய் சிவப்பாச்சுன்னா கிளிப்பிங். கிளிப்பிங்னா மோட்டாரால குடுக்க முடியுற உச்சத்துக்கு மேல கேம் கேக்குது, அதனால உச்சத்துக்கு மேல இருக்கிற எல்லா விவரமும் ஒரே மாதிரி கனமா தட்டையா வரும், டயர் பிடி விடுற அந்த நுணுக்கம் கைக்கு வரவே வராது. இவரோடது ஒவ்வொரு வளைவுலயும் சிவப்பு. வீல் உயிரில்லாம இருக்குன்னு அவரு சொன்னதுல பாதி இது தான். கூடவே டிரைவர்ல சென்டரிங் ஸ்பிரிங் ஆன்ல இருந்துச்சு, அது கேம் அனுப்பாத ஒரு இழுவைய எப்பவும் சேத்துக்கிட்டே இருக்கும். வீல் சுத்து டிரைவர்ல 900 டிகிரி, கேமுக்குள்ள 540, ரெண்டும் ஒத்துப்போகாததால திரையில தெரியுற கையும் இவரு கையும் வேற வேற கோணத்துல இருந்துச்சு.

காசு செலவில்லாம செஞ்சது

கெயின இறக்கி பார் எப்பவாவது மட்டும் சிவப்பாகுற அளவுக்கு கொண்டு வந்தோம், ஸ்பிரிங்க அணைச்சோம், ரெண்டு இடத்துலயும் 900னு வெச்சோம், பிறகு காருக்கேத்த சுத்த கேமே பாத்துக்கும். சேர் சக்கரத்த கழட்டிட்டு கீழ ஆடாத கட்டை வெச்சோம், பெடல் பலகைய சுவத்துக்கு முட்டு குடுத்தோம். அன்னைக்கே அண்ணன் சொன்னது, வீல் வேற வீல் மாதிரி இருக்குன்னு. கை விஷயம் தெளிவாச்சு. ஆனா பிரேக் லாக் ஆகுறது கொறஞ்சுதே தவிர நிக்கல, பெடல் சிக்னலே எகிறும்போது அது நிக்கவும் செய்யாது.

என்ன வாங்குறதுன்னு முடிவு பண்ணினது

மூணு வழி இருந்துச்சு. ஒண்ணு அவரு நெனச்ச மாதிரி பெரிய டைரக்ட் டிரைவ் மட்டும், மத்ததெல்லாம் பழசு. ரெண்டாவது லோட் செல் பெடலும், வீலையும் பெடலையும் மாட்டுற ஒரு நல்ல வீல் ஸ்டாண்டும், வீல் பழசே. மூணாவது அந்த ரெண்டோட சின்ன டைரக்ட் டிரைவும்.

லோட் செல்னா என்னன்னு தம்பி கேட்டாரு. எடை மெஷினுக்குள்ள இருக்குற அதே சமாச்சாரம் தான், எவ்வளவு பலம் விழுதுன்னு அளக்கும், எவ்வளவு தூரம் நகந்துச்சுன்னு அளக்காது. நிஜ காரோட பிரேக்கும் ஓரளவுக்கு மேல பெரிசா உள்ள போகாது, அதுக்கப்புறம் அழுத்தம் தான். நம்ம காலு தூரத்த விட அழுத்தத்த நல்லா ஞாபகம் வெச்சுக்கும், அதனால ஒரே பிரேக்க திரும்பத் திரும்ப போட லோட் செல் ரொம்ப உதவும். அண்ணனோட பிரச்சனையே திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரல்லைங்கிறது தான், அப்ப காசு முதல்ல எங்க போகணும்ங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல.

வீலு பத்தி அவருக்கு தெளிவா ஒரு கணக்கு சொன்னேன். லாஜிடெக் ஜி29 மாதிரி கியர் டிரைவ் வீல் சுமார் 2 நியூட்டன் மீட்டர் சொச்சம் குடுக்கும். த்ரஸ்ட்மாஸ்டர் டி300 பெல்ட் வகை, பல்லு உரசுற சத்தம் இல்லாம மென்மையா இருக்கும். டைரக்ட் டிரைவ்ல மோட்டார் தண்டுலயே வீல் மாட்டியிருக்கும், நடுவுல பெல்ட்டோ பல்சக்கரமோ இல்லாததால சின்ன அதிர்வும் நேரா கைக்கு வரும். ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5 நியூட்டன் மீட்டர், பெரிய பவர் சப்ளை போட்டா 8, மோஸா ஆர்5 ஐந்தரை, ஆர்9 ஒம்பது. கியர் டிரைவ்ல இருந்து 5க்கு போறதே பெரிய தாவல், அதுக்கு மேல போறதுக்கு அடித்தளம் வேணும். மேஜையிலயோ மடக்குற ஸ்டாண்டுலயோ 12 போட்டா பலம் கைக்கு வராம இரும்ப ஆட்டும்.

இன்னொரு கேள்வியும் கேக்க வேண்டியிருந்துச்சு: எதிர்காலத்துல கன்சோல்ல ஓட்டுவீங்களா? இது முடிவையே மாத்திடும். கம்ப்யூட்டர்ல வீல் ஒரு கம்பெனி, பெடல் இன்னொரு கம்பெனின்னு யூஎஸ்பில கலந்து போடலாம். கன்சோல்ல அது நடக்காது, அனுமதி வாங்கின வீல் பேஸ் (வீல் மாட்டுற மோட்டார் பெட்டி) வேணும், பெடல் அந்த பேஸ் வழியா தான் போகணும். ஜி29 ப்ளேஸ்டேஷனுக்கு, ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கு, ரெண்டுமே கம்ப்யூட்டர்ல ஓடும். ஃபனாடெக்ல எக்ஸ்பாக்ஸ் பொருத்தம் கைல பிடிக்கிற வீல்ல இருக்கு, ப்ளேஸ்டேஷன் பொருத்தம் பேஸ்ல இருக்கு, இது தெரியாம வாங்கிட்டு மாட்டிக்கிட்டவங்க நெறைய. இவங்க ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் மட்டும் தான்னு உறுதியா சொன்னாங்க, அதனால கை கட்டு இல்லாம தேட முடிஞ்சுது.

முடிவு: முதல்ல பெடலும் ஸ்டாண்டும். கொஞ்ச காலம் பழைய வீலோட ஓட்டிட்டு, அப்புறமும் வேணும்னு தோணினா 5 நியூட்டன் மீட்டர் அளவுல டைரக்ட் டிரைவ். ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தினா எதனால முன்னேறுச்சு எதனால கெட்டுச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாதுங்கிறதும் ஒரு காரணம்.

முதல் கட்டம்: பெடல்

பெடலோட சாஃப்ட்வேர முதல்ல இன்ஸ்டால் பண்ணிட்டு, வீல கழட்டி வெச்சுட்டு, பெடல மட்டும் கம்ப்யூட்டர்ல சொருகினோம். ஃபர்ம்வேர் (பெடலுக்குள்ளயே ஓடுற மென்பொருள்) அப்டேட்டும் அப்பவே, நேரடியா மதர்போர்டு பின்பக்க போர்ட்ல. அப்டேட் நடக்கும்போது கேபிள தொடக்கூடாது, ஹப் (ஒரு போர்ட்ட பல போர்ட்டா பிரிக்கிறது) வழியா பண்ணக்கூடாது. இன்னொரு விஷயம் இதுல ரொம்ப முக்கியம், சில பெடல்ல பேஸுக்கு போற டெலிபோன் மாதிரி பிளக்கும் இருக்கும் யூஎஸ்பியும் இருக்கும், ரெண்டையும் ஒரே நேரத்துல சொருகக்கூடாதுன்னு மேனுவல்லயே போட்டிருக்கும், சொருகினா உள்ள இருக்கிற சர்க்யூட் போர்டு போயிடலாம்.

கேலிப்ரேஷன்ல தான் நேரம் எடுத்துச்சு. பாக்ஸ்ல வந்த அளவுல உச்ச பிரேக்குக்கு தேவைப்பட்ட பலத்துக்கு ஸ்டாண்டே முன்னால தூக்க ஆரம்பிச்சுது. நிறைய பேரு இந்த இடத்துல வீராப்பா அந்த அளவையே வெச்சுக்குறாங்க, அதனால களைப்பு தான் மிச்சம். அண்ணன உக்கார வெச்சு, ரேஸ் முழுக்க வலிக்காம போடக்கூடிய கடுமையான பிரேக்க போட சொல்லி அந்த பலத்த தான் நூறு சதவீதம்னு வெச்சோம். கால் சும்மா பெடல் மேல இருக்கும்போது பிரேக் விழக்கூடாதுன்னு அடியில சின்ன டெட்ஸோனும் வெச்சோம். தம்பி எடை கம்மி, அவருக்கு தனி ப்ரொஃபைல், உச்சம் இன்னும் குறைவு.

கேமுக்குள்ள வந்ததும் பெடல் வேலை செய்யலன்னு பதறினாங்க. காரணம் சாதாரணமானது தான், முன்னாடி வீலும் பெடலும் ஒரே டிவைஸா இருந்துச்சு, இப்ப ரெண்டு டிவைஸ், பழைய கன்ட்ரோல் ப்ரொஃபைல்ல கேம் இன்னும் பிரேக்க பழைய வீல் வழியா தான் தேடுது. எந்த பெடல் எதுக்குன்னு புதுசா ஒவ்வொண்ணா பைண்ட் பண்ணி புது பேர்ல சேவ் பண்ணினோம், சேவ் பண்ணின ஃபைலோட காப்பியும் எடுத்து வெச்சோம். அடிக்கடி போர்ட் மாத்தி சொருகினா சில கேம் அத வேற டிவைஸ்னு நெனச்சு பைண்டிங்க தொலைச்சுடும், அதனால எந்த கேபிள் எந்த போர்ட்னு சின்ன லேபிள் ஒட்டியாச்சு.

தம்பியோட ராலி கேம்ல வேற ஒண்ணு. வீல திருப்பினா மெனு ஓடுது, ஆக்சிலரேட்டர் கேமரா மாத்துது. கேம் ஓட்ட வெக்கிற ஸ்டீம் ஆப்ல ஸ்டீம் இன்புட்ங்கிற வசதி ஆன்ல இருந்ததால வீல கேம்பேட் மாதிரி காட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்த கேமோட ப்ராப்பர்ட்டீஸ்ல போய் அணைச்சதும் சரியாச்சு.

இந்த கட்டத்துல வந்த பலன் தான் மொத்த விஷயத்துலயும் பெருசு. மோன்சா முதல் சிக்கேன்ல பெடல் ஆப்ப பதிவு பண்ணி பாத்தா, முன்னாடி ஒவ்வொரு லேப்லயும் பிரேக் பார் வேற வேற உயரத்துக்கு போச்சு, இப்ப கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்கு போய் அப்புறம் மெதுவா இறங்குது. லாக் ஆகுறது எப்பவாவது தான், ஆனாலும் உடனே பலத்த கொஞ்சம் விட்டு பிடிக்க முடியுது, ஏன்னா விடுறதும் இப்ப பலத்துல தான் நடக்குது. வீல் அதே பழைய வீல். அண்ணன் பெரிய டைரக்ட் டிரைவ் பத்தி பேசுறத நிறுத்தினதும் இதுக்கப்புறம் தான்.

ரெண்டாவது கட்டம்: சின்ன டைரக்ட் டிரைவ்

கொஞ்ச காலம் கழிச்சு 5 நியூட்டன் மீட்டர் வகையில ஒண்ணு வாங்கினாங்க. ஸ்டாண்டுல அடிப்பக்கம் போல்ட் போட்டு மாட்டினோம், கிளாம்ப் வேணாம்னு முடிவு. முதல் நாள் பாதி பலத்துல தான் ஓட்ட சொன்னேன், ரெண்டு பேருக்கும் ஒரு விஷயத்த கண்டிப்பா சொன்னேன்: கட்டைவிரல ஸ்போக்குக்கு உள்ள வளைச்சு பிடிக்கக்கூடாது, கேம்ல கார் சுவத்துல இடிச்சா வீல் சுழட்டி விரல முறுக்கிடும். இந்த பேஸ்க்கு எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் இருந்துச்சு, அத கை எட்டுற இடத்துல வெச்சோம்.

நேர் ரோட்டுல கைய லேசா வெச்சா வீல் இடதும் வலதுமா தானா ஆட ஆரம்பிச்சுது. டைரக்ட் டிரைவ்ல உராய்வு ரொம்ப கம்மி, அதனால இந்த ஆட்டம் சகஜம், டேம்பிங் (வீலோட அசைவ கொஞ்சம் கனமாக்குற செட்டிங்) கொஞ்சம் ஏத்தினதும் அடங்கிடுச்சு. அதிகமா ஏத்தினா மாவுக்குள்ள திருப்புற மாதிரி ஆயிடும், ஆட்டம் நிக்கிற இடத்துலயே நிறுத்திக்கணும்.

உண்மையான தலைவலி அடுத்து வந்துச்சு. ரேஸ் நடுவுல திடீர்னு பெடல் காணாம போகுது. யூஎஸ்பி கழட்டினா விண்டோஸ்ல வர்ற அந்த சத்தம் கேக்குது, ஒரு நொடில திரும்ப சேருது, ஆனா அதுக்குள்ள கார் மணல்ல. அண்ணன் உடனே பெடல திருப்பி அனுப்பிடலாம்னாரு. எப்ப நடக்குதுன்னு கவனிக்க சொன்னேன், கர்ப் (டிராக் ஓரத்து மேடு) மேல ஏறும்போதும் கடுமையா திருப்பும்போதும் தான் அதிகம், சும்மா நிக்கும்போது ஒரு தடவ கூட இல்ல. பெடல் மட்டும் கெட்டிருந்தா அது வீல் மோட்டார பாத்து நேரம் தேர்ந்தெடுக்காது. பழைய வீலோட ஓட்டினப்ப இந்த பிரச்சனையே இல்லைங்கிறதும் கையில இருந்த ஆதாரம்.

ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்தினோம். முதல்ல பவர் ஆப்ஷன்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட், அப்புறம் டிவைஸ் மேனேஜர்ல பவர் சேமிக்க டிவைஸ அணைக்கலாம்ங்கிற டிக், ரெண்டையும் எடுத்தோம். மாற்றம் இல்ல. அடுத்து பாத்தப்ப தெரிஞ்சுது, வீல் வந்ததும் போர்ட் போதலன்னு தம்பி பெடலையும் கீபோர்டையும் தனி பவர் இல்லாத ஒரு ஹப்ல மாத்தி சொருகியிருக்காரு. பெடல திரும்ப மதர்போர்டு பின்பக்கத்துக்கு கொண்டு வந்ததும் வெகுவா கொறஞ்சுது, முழுசா போகல. கடைசில பிடிபட்டது கேபிள். பாக்க அழகா இருக்கட்டும்னு பெடல் யூஎஸ்பி கேபிளையும் பேஸோட பவர் கேபிளையும் ஸ்டாண்டு கால்ல ஒண்ணா சேத்து இறுக்கி கட்டியிருந்தாங்க. மோட்டார் திடீர்னு கரண்ட் இழுக்கும்போது வர்ற மின்காந்த இரைச்சல் பக்கத்துல ஓடுற யூஎஸ்பி லைன்ல ஏறும். ரெண்டையும் பிரிச்சு ஸ்டாண்டோட எதிரெதிர் பக்கமா ஓட விட்டு, பெடல் கேபிளோட ரெண்டு முனையிலயும் இரைச்சல குறைக்கிற ஃபெரைட் வளையம் மாட்டினதுக்கப்புறம் ஒரு தடவ கூட போகல. பெடல திருப்பி அனுப்பியிருந்தா புதுசு வந்தும் இதே தான் நடந்திருக்கும்.

இப்ப இருக்கிற நிலை

அண்ணன் லீக்ல முன்ன விட ரொம்ப நிதானமா முடிக்கிறாரு, மோதல் கம்மி. டைரக்ட் டிரைவ் வந்தது அவருக்கு பிடிச்சிருக்கு, பின் டயர் வழுக்க ஆரம்பிக்கிறது கைக்கு சீக்கிரம் தெரியுதுன்னு சொல்றாரு, ஆனா லேப் நிலையானது பெடல் வந்தப்பவே நடந்துடுச்சுன்னு அவரே தான் சொன்னாரு. தம்பிக்கு கியர் மாத்துற எச் ஷிஃப்டரும் ஹேண்ட்பிரேக்கும் வேணும், அதுவும் யூஎஸ்பி தான், அதுக்கு முன்னாடி தனி பவர் இருக்கிற ஹப் ஒண்ணு வாங்கி ஷிஃப்டர் மாதிரி சின்ன சமாச்சாரங்கள அதுலயும், பேஸையும் பெடலையும் எப்பவும் நேரா மதர்போர்டுலயும் வெக்கணும்னு பேசி வெச்சிருக்கோம்.

இதே வேலைய மறுபடி செஞ்சா எது மாறும்

ஸ்டாண்டுக்கு பதில் முதல்லயே அலுமினியம் ப்ரொஃபைல் ரிக்குக்கு காசு ஒதுக்க சொல்லுவேன், சீட்டும் பெடலும் ஒரே சட்டத்துல இருந்தா கால் பலம் எங்கயும் ஓடாது. இவங்களுக்கு அறையில இடம் இல்லாததால மடக்குற ஸ்டாண்டு தான் சாத்தியமா இருந்துச்சு, அந்த சூழ்நிலைல அது சரியான முடிவு தான், ஆனா இடம் இருக்கிறவங்க அந்த நடுப்படிய தாண்டிடலாம்.

கேபிள் எந்த வழியா போகணும்ங்கிறத பேஸ் மாட்டுறதுக்கு முன்னாடியே தீர்மானிக்கணும், பவர் ஒரு பக்கம், டேட்டா ஒரு பக்கம். போர்ட் எத்தனை இருக்குன்னும் வாங்குற அன்னைக்கே எண்ணிப் பாத்துடணும். பழைய பெடல வித்துடாம கொஞ்ச நாள் வெச்சிருக்கிறதும் நல்லது, புதுசுல சந்தேகம் வரும்போது ஒப்பிட்டு பாக்க அது தான் உதவும்.

அடுத்த வாங்கல் பெரிய பேஸ் இல்ல, ரிக் தான்னு அண்ணனும் தம்பியும் முடிவு பண்ணிட்டாங்க, வேற அறைக்கு மாறினதும் வாங்கப்போறாங்க. அது வந்ததும் பிரேக்கோட உச்ச அளவ ரெண்டு ப்ரொஃபைல்லயும் புதுசா அளந்து ஏத்தணும், சட்டம் ஆடாதப்ப கால் இன்னும் பலமா போட முடியும். அது வரைக்கும் இப்ப இருக்கிற அளவ தொட வேணாம்னு சொல்லி வெச்சிருக்கேன்.